ரேஸ் கொடுத்தால் திணறும் செயின்சா: முதலில் அந்தக் கேனைக் காலி பண்ணுங்கள்

கேள்வி: வணக்கமுங்க ஐயா. ஆனைமலைப் பக்கம் நாலு ஏக்கர் தென்னை. வேர் வாடல் வந்து காய்ப்பு நின்றுபோன மரங்களை வெட்டிக்கொண்டிருக்கிறேன். கூலி கொடுத்துக் கட்டுபடியாகாமல் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் 58 சிசி செயின்சா ஒன்று வாங்கினேன், செயின் சுற்றி ஓடும் பட்டை (பார்) 22 இன்ச். ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலில் நன்றாக நிற்கிறது. ஆக்சிலேட்டரை இழுத்தால் 'ம்ம்ம்' என்று அடங்கி நின்றுவிடுகிறது. மெதுவாக இழுத்தால் ஏறும், மரத்தில் வைத்ததும் திணறும். மெக்கானிக் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி ஸ்க்ரூவைத் திருப்பிக் கொடுத்தார், ரெண்டு நாள் ஓடியது, மறுபடி அதே கதை. வாங்கின கடையில் கார்பரேட்டரும் பிஸ்டன் செட்டும் மாற்றணும் என்கிறார்கள். பெட்ரோல் தீபாவளிக்கு முன்னால் அஞ்சு லிட்டர் கேனில் கலந்து வைத்தது, அது நல்லாத்தான் இருக்கு. ஆயில் கண் அளவுதான், கொஞ்சம் தாராளமாகவே விடுவேன். வெட்டின ஆறு மரம் தோட்டத்திலேயே கிடக்கிறது, இன்னும் அஞ்சு நிற்கிறது. எந்த கம்பெனி கார்பரேட்டர் வாங்கலாமுங்க?

பதில்: தம்பி, எந்தக் கார்பரேட்டரும் வாங்காதீர்கள், பிஸ்டனைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி போதும், 'அது நல்லாத்தான் இருக்கு' என்று. தீபாவளிக்கு முன்னால் கலந்தது, இப்போது மாசி. நாலு மாசம். அது நல்லா இல்லை.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். மூடி சரியாக இறுகாத பிளாஸ்டிக் கேனில், ஐப்பசி கார்த்திகை மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் ஊற்றின ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். மிஷின் டேங்கில் உறிஞ்சும் பில்டர் எங்கே கிடக்கிறது? அடியில். அப்படிப் பிரிந்திருந்தால் இன்ஜினுக்குப் போவது ஆயில் இல்லாத, சரியாக எரியாத சரக்கு. இதில்தான் பிஸ்டன் தேய்கிறது. அதே கேனை வைத்துக்கொண்டு கடைக்காரர் சொல்வதுபோல் பிஸ்டன் மாற்றினால் புது பிஸ்டனுக்கும் அதே கதிதான். கேனில் இருந்து கொஞ்சம் ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். நடுவில் கோடு தெரிந்தாலோ, கலங்கலாக இருந்தாலோ, வார்னிஷ் மாதிரி வாசம் அடித்தாலோ முடிந்தது. தெளிவாகத் தெரிந்தாலும் நாலு மாசச் சரக்கை நான் மிஷினில் ஊற்றமாட்டேன், ஏனென்றால் அதில் லேசாக ஆவியாகும் பகுதி போயிருக்கும், மிச்சம் கார்பரேட்டருக்குள் பிசினாகப் படியும், ஐடிலில் நின்றாலும் இழுக்கச் சொன்னால் இழுக்காது. மெக்கானிக் கழுவின பிறகு ரெண்டு நாள் ஓடியதும் அதனால்தான். அவர் பிசினை எடுத்தார், நீங்கள் அதே கேனில் இருந்து மறுபடி பிசினை ஊற்றினீர்கள்.

கலந்த பெட்ரோலைப் பாலைப் போல நினைத்துக்கொள்ளுங்கள், கறந்த அன்றைக்கு நல்லது, வைத்தால் கெடும். ஐந்து லிட்டர் கலப்பதே தப்பு. உங்கள் மிஷின் டேங்க் அரை லிட்டர் சொச்சம் பிடிக்கும். ஒரு நாள் வேலைக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் கலந்தால் போதும். கேனில் கலந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். மூன்று வாரம் தாண்டினதை மிஷினில் ஊற்றாதீர்கள். கிணற்றுமேட்டிலோ வாய்க்காலிலோ கொட்டவும் கூடாது, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். வேலை முடிந்து பத்து நாளைக்கு மிஷின் நிற்கப்போகிறது என்றால் டேங்கைக் காலி செய்து, கார்பரேட்டரில் மிச்சம் இருப்பதும் தீரும்வரை ஐடிலில் ஓட்டி அணையவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் கார்பரேட்டருக்குள் இருக்கும் டயாபிராம் என்ற மெல்லிய சவ்வு விறைத்துப்போகும், பெட்ரோல் டியூப் ஊறி, அப்புறம் வெடிப்பு விடும்.

அடுத்தது உங்கள் 'தாராளம்'. ஆயில் அதிகம் விட்டால் இன்ஜினுக்குப் பாதுகாப்பு என்று ஊரெல்லாம் நினைக்கிறார்கள். அதே அளவு திரவத்தில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறைகிறது. அதாவது காற்றோடு கலக்கும் எரிபொருள் மெலிகிறது. மிஞ்சின ஆயில் கரியாகி சைலன்சர் வாயில் அடைகிறது. உங்கள் மிஷினோடு வந்த சின்னப் புத்தகத்தில் எந்த விகிதம் போட்டிருக்கிறதோ அதுதான் அளவு. 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 40-க்கு 1 என்றால் 25 மில்லி, 50-க்கு 1 என்றால் 20 மில்லி. மருந்துக் கடையில் ஊசி போடும் சிரிஞ்ச் ஒன்று வாங்கி அதில் அளந்து விடுங்கள். ஆயில் டப்பாவில் ஜாசோ எஃப்டி (JASO FD, டூ-ஸ்ட்ரோக் ஆயிலின் தரக் குறியீடு) என்று போட்டிருப்பதாக வாங்குங்கள். எப்போதோ ஸ்கூட்டருக்கென்று வந்து தூசி படிந்து கிடக்கும் பாக்கெட் ஆயில் வேண்டாம். சில கடைகளில் எஞ்சின் ஆயிலையே 'இதுவும் ஓடும்' என்று தள்ளிவிடுவார்கள். அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

சரி, புதுப் பெட்ரோல் ஊற்றியும் திணறினால் என்ன செய்வது. இழுத்தவுடனே அடங்குவது பெரும்பாலும் பெட்ரோல் போதாமல் வருவது. ஆக்சிலேட்டரை இழுத்ததும் காற்று முந்திக்கொள்கிறது, பெட்ரோல் பின்தங்குகிறது. ஏன் பின்தங்குகிறது என்று காசு செலவில்லாததில் இருந்து தொடங்குங்கள். டேங்க் மூடியைக் கால் சுற்று தளர்த்தி, மிஷினைச் சாய்க்காமல் தரையில் வைத்து இழுத்துப் பாருங்கள். திணறல் போனால் டேங்கின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது, பார்த்துச் சுத்தம் செய்தால் வேலை முடிந்தது. போகாவிட்டால் ஒரு வளைத்த கம்பியால் டேங்குக்குள் இருக்கும் பில்டரைத் தூக்கி எடுங்கள். பழுப்பேறி வழவழவென்று இருந்தால் புதுசு போடுங்கள், விலை அற்பம். டியூபை விரலால் மடக்கிப் பாருங்கள், மடிப்பில் மயிரிழை மாதிரி வெடிப்புத் தெரிந்தால் அதுவழியாகக் காற்று உறிஞ்சுகிறது. இதை எத்தனை பேர் பார்க்காமல் கார்பரேட்டர் மாற்றுகிறார்கள்! அப்புறம் பாதி ரேஸில் ஓடும்போது காற்றைக் குறைக்கும் சோக்கை ஒரு துளி மூடிப் பாருங்கள். சத்தம் தெளிந்து ஏறினால் பெட்ரோல் பற்றாக்குறைதான். புகை கக்கி இன்னும் அடங்கினால் அது எதிர்ப்பக்கம், பெட்ரோல் கூடுதல். அப்போது முதலில் ஏர் பில்டரைக் கழுவுங்கள், தென்னந்தூளும் ஆயிலும் சேர்ந்து அதில் ஒரு கம்பளியே படிந்திருக்கும். சைலன்சரைக் கழற்றி வலையில் கரி இருந்தால் தட்டி எடுங்கள்.

சைலன்சரைக் கழற்றின கையோடு ஒரு டார்ச் அடித்து அந்த ஓட்டை வழியாக பிஸ்டனைப் பாருங்கள். கயிற்றை மெதுவாக இழுத்தால் பிஸ்டன் மேலும் கீழும் போவது தெரியும். பக்கவாட்டில் வழவழப்பாக இருந்தால் உங்கள் பிஸ்டன் பிழைத்தது, கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேலிருந்து கீழாகக் கோடு கோடாக உரசல் இருந்தால் மட்டும் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இதற்கு மேல் ஒரு சோதனை: பிளக் மாட்டின நிலையில், சுவிட்சை அணைத்துவிட்டு, கயிற்றுக் கைப்பிடியைப் பிடித்து மிஷினைத் தொங்கவிடுங்கள். சொத்தென்று கீழே இறங்கினால் அழுத்தம் இல்லை. தயங்கித் தயங்கி இறங்கினால் உயிர் இருக்கிறது. பிளக்கைக் கழற்றினால் முனை காப்பித்தூள் நிறத்தில் இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் பெட்ரோல் பற்றவில்லை, கறுத்து ஈரமாக இருந்தால் கூடுதல்.

ஸ்க்ரூ விஷயம். கார்பரேட்டரில் எல் (குறைந்த வேகத்துக்கு), எச் (முழு வேகத்துக்கு) என்று இரண்டு இருக்கும். இந்த மலிவு மிஷின்கள் பலவும் எத்தனால் இவ்வளவு கலக்காத பெட்ரோலுக்கு ஏற்றபடி செட் செய்து வந்தவை. எத்தனாலுக்கு அதே காற்றுக்குக் கொஞ்சம் அதிகத் திரவம் வேண்டும். அதனால் நேற்றுவரை சரியாக இருந்த செட்டிங் இன்று மெலிந்துபோகிறது. எல் ஸ்க்ரூவைக் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாக எட்டில் ஒரு சுற்று திருப்புங்கள், இழுத்துப் பாருங்கள், இன்னும் திணறினால் இன்னொரு எட்டில் ஒன்று. ஐடிலில் செயின் சுற்றக் கூடாது, சுற்றினால் ஐடில் ஸ்க்ரூவைக் குறையுங்கள். எச் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள் தம்பி. 'பவர் வரட்டும்' என்று மெக்கானிக் அதை இறுக்கிவிட்டால், மிஷின் கீச்சென்று கத்தும், கேட்க நன்றாக இருக்கும், அந்தச் சத்தத்தில்தான் பிஸ்டன் வெந்துபோகும். மரத்தில் வைக்காமல் முழு ரேஸ் கொடுத்தால் கொஞ்சம் கரகரவென்று, நிறைவில்லாமல் ஓட வேண்டும், மரத்தில் பல் இறங்கியதும் அந்தக் கரகரப்பு போய்த் தெளிய வேண்டும். உங்கள் மெக்கானிக் எதைத் திருப்பினார் என்று கேளுங்கள். எச் என்றால் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

'மரத்தில் வைத்ததும் திணறும்' என்றீர்களே, அதில் பாதி இன்ஜின் இல்லை, செயின். தென்னையின் வெளிச்சுற்று கருங்காலி மாதிரி, உள்ளே பஞ்சு. வெளிச்சுற்று பல்லை வேகமாக மழுக்கும், அதோடு வெட்டி விழுந்த மரத்தில் மண் ஒட்டியிருந்தால் கேட்க வேண்டாம். கூர் இருக்கும் பல் துண்டு துண்டாகச் சீவல் தள்ளும், மழுங்கின பல் மாவு தள்ளும். மாவு வர ஆரம்பித்ததும் நீங்கள் உடம்பு எடையைப் போட்டு அழுத்துவீர்கள், மிஷின் அடங்கும், கார்பரேட்டர்மேல் பழி விழும். ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் உருண்டை அரத்தால் பல்லுக்கு ரெண்டு மூன்று இழுப்பு, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. உங்கள் செயின் 0.325 பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி அளவு, இன்ச்சில்) என்றால் 4.8 மில்லிமீட்டர் அரம், பார்மேல் எழுதியிருக்கும், பார்த்து வாங்குங்கள். செயின் பிரேக் பாதி பிடித்துக்கொண்டிருந்தாலும் இப்படித்தான் திணறும், அணைத்துவிட்டு கையால் செயினை இழுத்துப் பாருங்கள்.

22 இன்ச் பார் விற்றவர்மேல் எனக்குக் கோபம். தென்னை மரத்தின் அடிப்பருமனை விட்டு மேலே வந்தால் 25, 35 சென்டிமீட்டர் குறுக்களவுதான். 18 இன்ச் பார் 45 சென்டிமீட்டர், தாராளம். நீளமான பாரில் செயின் எடை கூடுகிறது, செயினுக்கு விடும் ஆயில் முனைவரை சரியாகப் போவதில்லை, சின்ன இன்ஜின் அத்தனையையும் இழுக்க வேண்டும். ஸ்டிக்கரில் போட்டிருக்கும் 58 சிசியையும் அப்படியே நம்பாதீர்கள், அந்த மாதிரி மிஷின்களில் பல அளந்தால் அதற்குக் குறைவாகவே வரும். கார்பரேட்டருக்கு எடுத்து வைத்திருக்கும் பணத்தில் 18 இன்ச் பாரும் அதற்கேற்ற செயினும் வாங்குங்கள். பார் நீளமென்றால் வேலை வேகம் என்று விற்கிறார்கள், வாங்குகிறவர் தோட்டத்துக்குப் போய்ப் பார்ப்பதில்லை.

இனி நீங்கள் கேட்காதது. அந்த ஆறு மரம். மிஷின் ரிப்பேர் என்று அவை தோட்டத்தில் கிடப்பது எனக்கு மிஷினைவிடப் பெரிய கவலை. மட்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். வெட்டின பச்சை வாசத்துக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். காண்டாமிருக வண்டு பக்கத்து மரத்தின் குருத்தைத் துளைக்கும், அந்தக் காயம் வழியாகக் கூன்வண்டு உள்ளே போகும். வேர் வாடலுக்குத் தப்பின மரங்கள் இப்படிச் சாகும். வேர் வாடல் மிஷின் வழியாகப் பரவுவதில்லை, அது கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் கடத்துவது, அதனால் பல்லைக் கழுவிக்கொண்டு நேரத்தைப் போக்க வேண்டாம். மிஷின் சரியாகும்வரை காத்திருக்கவும் வேண்டாம், வாடகைக்கு ஒரு ஆளோடு மிஷின் பிடித்துத் தண்டுகளைத் துண்டாக்கி நீளவாக்கில் பிளக்கச் சொல்லுங்கள். தீபாவளி சமயத்தில் வெட்டினவையாக இருந்தால் உள்ளே வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கும், பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். முற்றின தண்டின் வெளிப்பகுதி சட்டத்துக்கு ஆகும், மில்லில் கேளுங்கள். மிச்சத்தைச் செங்கல் சூளைக்கு அனுப்பிவிடுங்கள். கொண்டைப் பகுதியைக் குழியில் போட்டு மண் மூடாமல் விடாதீர்கள். அடிக்கட்டையைத் தரைமட்டத்துக்கு அறுத்துத் தோண்டி எடுங்கள்.

நிற்கிற அஞ்சு மரத்தை, மிஷின் இரண்டு டேங்க் பெட்ரோல் திணறாமல் ஓடின பிறகு மட்டும் தொடுங்கள். பாதி அறுத்த மரத்தில் மிஷின் நின்றுபோவது விளையாட்டு இல்லை. புதுப் பெட்ரோல், பில்டர், டியூப், எல் ஸ்க்ரூ எல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் சைலன்சர் ஓட்டை வழியாகத் தெரியும் பிஸ்டனையும் பிளக் முனையையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், கூடவே சோக் சோதனையில் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.