பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்; ஆனால் கற்கிறார்களா?

கேள்வி: ஐந்து ஆண்டுகளாக உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். என் வகுப்பில் சச்சரவு இல்லை. 40 பிள்ளைகளும் ஆசையோடு மைதானத்துக்கு வருகிறார்கள். தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் என்மேல் குறை இல்லை. ஆனால் பல வாரம் வாலிபால் கற்றுக்கொடுத்த பிறகு சர்வீஸ் போடச் சொன்னால், பாதிப் பேருக்கு மேல் பந்தை வலைக்கு அந்தப் பக்கம் அனுப்ப முடியவில்லை. தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியர் என் பாடவேளையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். மறுக்க வாய் வருவதில்லை. நான் கற்பிக்கும் முறை சரிதானா என்று தெரிந்துகொள்ள ஆய்வுகள் ஏதாவது உண்டா? என் வகுப்பிலேயே நான் சிறிய ஆய்வு ஒன்றைச் செய்ய முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்களுக்கு வந்திருக்கும் சந்தேகம் உடற்கல்வி ஆய்வுகளில் மிகப் பழையது. ஒரு வகுப்பு நன்றாக நடந்தது என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று ஜூடித் பிளாசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஆராய்ந்து, 1983-இல் தம் முடிவை வெளியிட்டார். பிள்ளைகள் ஓய்வில்லாமல் ஏதாவது செய்துகொண்டிருந்தார்கள், சந்தோஷமாக இருந்தார்கள், சொன்னபடி கேட்டார்கள் என்ற மூன்றும்தான் பெரும்பாலோரின் அளவுகோலாக இருந்தன. என்ன கற்றுக்கொண்டார்கள் என்பது பின்னுக்குப் போயிருந்தது. நீங்கள் முதலில் எழுதியிருக்கும் வரிகளை மறுபடி படித்துப் பாருங்கள்: சச்சரவு இல்லை, ஆசையோடு வருகிறார்கள், யாருக்கும் குறை இல்லை. அந்த மூன்றும் அப்படியே இருக்கின்றன. குற்றமாகச் சொல்லவில்லை, நானும் பல ஆண்டுகள் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அதே மூன்றை வைத்துத்தான் என்னை மெச்சிக்கொண்டேன். அவை இல்லாமல் கற்பிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அவை இருப்பதாலேயே கற்றல் நடந்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாரில் சீடன்டாப்பும் அவருடைய மாணவர்களும் 1970-களின் இறுதியிலிருந்து இதற்கு ஒரு வழியை உருவாக்கினார்கள். ஆசிரியரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு பிள்ளையை மட்டும் வகுப்பு முழுவதும் கவனித்து, அந்தப் பிள்ளையின் நேரம் எங்கே போகிறது என்று குறிக்க வேண்டும்: காத்திருந்தது எவ்வளவு, விளக்கம் கேட்டது எவ்வளவு, இடம் மாறியது எவ்வளவு, தன் திறனுக்கு ஏற்ற பயிற்சியை வெற்றியோடு செய்தது எவ்வளவு. கடைசியாகச் சொன்ன நேரம் பல வகுப்புகளில் வருந்தத்தக்க அளவுக்குக் குறைவாக இருந்தது.

உங்கள் சர்வீஸ் பாடத்தையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். வரிசைக்கு 20 பேராக இரண்டு வரிசை, வரிசைக்கு ஒரு பந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை வந்து நின்று, அடித்து, பந்து திரும்பி வர 15 விநாடி ஆகும் என்றால், ஒரு சுற்று முடிய 5 நிமிடம். 40 நிமிடப் பாடவேளையில் வருகைப் பதிவும் விளக்கமும் போக 25 நிமிடம் மிஞ்சினால், ஒருவருக்குக் கிடைப்பது 5 அடி. பத்துப் பாடவேளைக்கு 50 அடி. அணியில் ஆடும் ஒரு பிள்ளை ஒரே மாலையில் அதைத் தாண்டிவிடும். இந்த 50-இலும் பாதி தவறான முறையில் அடிக்கப்பட்டவை என்றால் நிலைமை இன்னும் மோசம். வாலிபால் பாடங்களைக் கவனித்து ஸ்டீபன் சில்வர்மேன் செய்த ஆய்வில், சரியான முறையில் செய்த முயற்சிகள் மிகுந்தவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். தவறான முறையில் செய்த முயற்சிகள் மிகுந்தவர்களிடம் கற்றல் குறைந்தே காணப்பட்டது. ஆகவே வெறுமனே நிறைய அடிக்க வைத்தால் போதாது. கோட்டுக்குப் பின்னால் நின்று அடிக்க வலிமை இல்லாத பிள்ளையை வலைக்கு மூன்று தப்படி தூரத்தில் நிறுத்துங்கள்; பத்துக்கு ஏழு, எட்டு பந்து தாண்டும் வரை அங்கேயே இருக்கட்டும்; பிறகு ஒரு தப்படி பின்னால் போகட்டும்.

இன்னொன்றையும் நீங்கள் பார்க்க வேண்டும். எல்லா வகுப்பிலும் ஒரு பிள்ளை இருக்கும்: சீருடை சுத்தமாக இருக்கும், வரிசையில் ஒழுங்காக நிற்கும், மற்றவர்கள் அடிக்கும்போது கைதட்டும், தன் முறை நெருங்கும்போது மட்டும் ஷூ கயிற்றைக் கட்டக் குனியும், அல்லது பின்னால் நிற்பவரிடம் ‘நீ முதலில் போ’ என்று இடத்தைக் கொடுத்துவிடும். 25 நிமிடமும் வரிசையிலேயே இருந்துவிட்டு ஒரு முறைகூடப் பந்தைத் தொடாமல் வகுப்பறைக்குத் திரும்பும். மரியெல் டூசினியானும் சீடன்டாப்பும் 1983-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகைப் பிள்ளைகளைத் தனியே பிரித்துக் காட்டி, அவர்களுக்கு ஒரு பெயரும் வைத்தது. தமிழில் அதைத் தேர்ந்த வேடிக்கையாளர் என்று சொல்லலாம். தொந்தரவு கொடுக்காததால் இந்தப் பிள்ளை நம் கண்ணில் படுவதே இல்லை. வலைக்கு அந்தப் பக்கம் பந்தை அனுப்ப முடியாதவர்களில் எத்தனை பேர் இந்த வகை என்று தேடிப் பாருங்கள்.

நீங்கள் கேட்ட சிறிய ஆய்வை இங்கிருந்தே தொடங்கலாம். நன்றாக ஆடும் ஒருவர், நடுத்தரமான ஒருவர், நழுவும் ஒருவர் என்று மூன்று பேரைத் தேர்ந்துகொள்ளுங்கள். உங்களால் கற்பித்துக்கொண்டே குறிக்க முடியாது. உடன் பணிபுரியும் ஒருவரைக் கேளுங்கள், அல்லது கைப்பேசியை ஓரிடத்தில் நிறுத்திப் பதிவு செய்து மாலையில் பாருங்கள். காத்திருந்த நேரம், மொத்த அடிகள், சரியான அடிகள் என்ற மூன்று எண் போதும். இரண்டு வாரம் பழைய முறையிலேயே நடத்திக் குறித்துவிட்டு, பிறகு நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, கிடைக்கும் எல்லாப் பந்தையும் இறக்கி, மறுபடி குறியுங்கள். பந்து போதவில்லை என்றால், பாதிப் பேர் சர்வீஸும் மீதிப் பேர் பந்து தேவைப்படாத நகர்வுப் பயிற்சியும் செய்து இடம் மாறிக்கொள்ளலாம்.

வகுப்பு முடியும்போது யார் எப்படி அடித்தார்கள் என்பதை வைத்து மட்டும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். குட், மகில் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் பேட்மிண்டன் சர்வீஸ் மூன்று வகையைப் புதிதாகக் கற்பவர்களுக்குப் பயிற்றுவித்தார்கள். ஒரு குழு ஒவ்வொரு வகையையும் தனித்தனியாகத் தொடர்ந்து அடித்துப் பழகியது. இன்னொரு குழு மூன்றையும் கலந்து பழகியது. பயிற்சி முடிந்தபின் இடைவெளி விட்டுச் சோதித்தபோதும், பழகாத பக்கத்திலிருந்து அடிக்கச் சொன்னபோதும், கலந்து பழகியவர்களே முந்தினார்கள். அன்றைக்கு நன்றாக அடிப்பது வேறு, கற்றுக்கொள்வது வேறு. எனவே அடிப்படை அசைவு கைக்கு வரும் வரை ஒரே மாதிரியாகப் பழக்கி, அதன்பின் இலக்கையும் தூரத்தையும் மாற்றி மாற்றி அடிக்கச் சொல்லுங்கள். சோதனையை ஒரு வாரம் கழித்து வையுங்கள்.

முதலில் திறனா, முதலில் ஆட்டமா என்ற சண்டைக்குள் நீங்கள் போக வேண்டாம். டேவிட் பங்கர், ராட் தோர்ப் என்ற இரு பிரிட்டிஷ் உடற்கல்வியாளர்கள் 1982-இல் ஆட்டத்தைப் புரிந்துகொள்வதிலிருந்து தொடங்க வேண்டும் என்று எழுதியதிலிருந்து அது நடந்துகொண்டிருக்கிறது. சிறிய களத்தில், தாழ்ந்த வலையில், மூவருக்கு மூவர் ஆட விட்டால் இரு தரப்புக்கும் வேண்டியது பெருமளவு கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

கணக்கு ஆசிரியருக்குச் சொல்ல ஒரு சான்று தருகிறேன். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் த்ருவா ரிவியேர் பகுதியில் 1970-இல் தொடங்கிய நீண்ட ஆய்வில், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் கூடுதல் உடற்கல்வி அளித்தார்கள். பிற பாடங்களுக்கான நேரம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்தது. ஆயினும் அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண் மற்றவர்களைவிடத் தாழவில்லை. சில வகுப்புகளில் சற்று உயர்ந்தே இருந்தது. விளையாடினால் மதிப்பெண் கூடும் என்று இதை வைத்து வாக்குறுதி கொடுத்துவிடாதீர்கள். பாடவேளையைப் பறித்தால் மதிப்பெண் கூடும் என்பதற்கு ஆதாரம் கேட்கும் உரிமை மட்டும் உங்களுக்கு உண்டு. மூன்று எண் எழுதிய உங்கள் தாள் கையில் இருந்தால், அந்தப் பாடவேளையில் என்ன இழக்கப்படுகிறது என்பதையும் காட்டலாம்.

காணொளி எடுப்பதற்கு முன் தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். தாளில் பெயருக்குப் பதிலாக எழுத்து மட்டும் இருக்கட்டும். யாரைக் கவனிக்கிறீர்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால், ஷூ கயிறு கட்டும் அந்தப் பிள்ளை அன்றைக்கு ஒரு நாள் மட்டும் வரிசையின் முன்னால் வந்து நிற்கும்.