உறவில் யார் கை ஓங்கியிருக்கிறது? – கேள்வி பதில்

குடும்ப ஆலோசகராக வேலை பார்க்கிறேன். ஈர்ப்பு, காதல், அதில் யார் சொல்வது எடுபடுகிறது என்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: மேடம், நானாகப் போய்ப் பேசினால் அவன் பிடிகொடுக்கவே மாட்டான். கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தால் 'குட்டிம்மா' என்று ஓடி வருவான். அப்புறம் பழைய கதைதான். விடவும் முடியவில்லை. எனக்கு என்னதான் பிரச்சினை?

உங்களுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. முதலாவதை வில்லார்ட் வாலர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1938-லேயே எழுதிவிட்டார்: உறவு தொடர வேண்டும் என்ற அக்கறை யாருக்குக் குறைவோ, அவர் வைத்ததுதான் சட்டம். 'போனால் போகட்டும்' என்று இருப்பவரிடம் மற்றவர்தான் இறங்கிப் போக வேண்டியிருக்கும். நீங்கள் ஒதுங்கும் அந்த இரண்டு நாளில் நிலைமை தலைகீழாகிறது, அவன் ஓடி வருகிறான். நீங்கள் சமாதானமானதும் அவனுக்குப் பயம் போய்விடுகிறது.

இரண்டாவது, 'விட முடியவில்லை' என்கிறீர்களே, அது. ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்ற உளவியலாளர்கள் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளை 1957-ல் புத்தகமாகப் போட்டார்கள். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்றதும் கொத்துவதைச் சீக்கிரம் நிறுத்திவிடும். எப்போது கிடைக்கும் என்றே தெரியாமல் அவ்வப்போது தீனி வாங்கிய புறாவோ, நின்ற பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். மனிதர்கள் புறா இல்லைதான். ஆனாலும் என்றைக்கோ வரும் ஒரு 'குட்டிம்மா'வுக்காக ராத்திரி பூராவும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பதில் அந்தச் சாயல் இருக்கிறது. அவன் தினமும் ஒழுங்காகப் பேசியிருந்தால் உங்களுக்கு இவ்வளவு தவிப்பே இருந்திருக்காது. தவிப்பு அதிகமாக இருப்பதை வைத்து 'எவ்வளவு ஆழமான காதல்' என்று முடிவுகட்டாதீர்கள்.

கேள்வி: அப்படியென்றால் நாமும் அக்கறை இல்லாத மாதிரி நடித்தால் ஜெயித்துவிடலாமே?

கொஞ்ச நாளைக்கு ஜெயிக்கலாம். அதே யோசனை எதிர்ப்பக்கமும் வந்துவிட்டால், 'அவளே முதலில் மெசேஜ் பண்ணட்டும்' என்று இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பீர்கள்.

கேள்வி: ட்ரெக்கிங் போன இடத்தில் ஒரு பெண்ணை ரொம்பப் பிடித்துப்போனது. ஊருக்கு வந்து காபி ஷாப்பில் பார்த்தால் ஒன்றுமே தோன்றவில்லை. நான் மோசமானவனா அக்கா?

இல்லை தம்பி. கனடாவில் வான்கூவர் பக்கம் கப்பிலானோ தொங்கு பாலத்தில் டட்டன், ஆரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த ஆய்வு ஒன்று 1974-ல் வெளிவந்தது. சுமார் 70 மீட்டர் உயரத்தில் ஆடும் பாலம் அது. அதில் வந்த ஆண்களிடம் ஒரு பெண் பேட்டி எடுத்துத் தன் போன் நம்பரைக் கொடுத்தார். வாங்கிக்கொண்ட 18 பேரில் 9 பேர் பிறகு கூப்பிட்டார்கள். ஆடாத, தாழ்வான பாலத்தில் வாங்கிய 16 பேரில் கூப்பிட்டது 2 பேர்தான். பயத்தில் வந்த படபடப்பையும் மனசு அந்தப் பெண் கணக்கில் எழுதிவிட்டது என்பது அவர்கள் விளக்கம். உங்களுக்கும் மலை ஏறியதில் மூச்சு வாங்கியிருக்கும். இன்னொரு காபி குடித்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: கெத்து காட்டினால்தான் பெண்களுக்குப் பிடிக்கும் என்று யூடியூபில் சொல்கிறார்களே?

ஒருவருக்கு மதிப்பு இரண்டு வழியில் வரும். மிரட்டி வாங்குவது ஒன்று, திறமையைப் பார்த்து மற்றவர்கள் தாமாகக் கொடுப்பது இன்னொன்று. ஹென்ரிச், கில்-வைட் என்ற ஆய்வாளர்கள் 2001-ல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். அந்த வீடியோக்காரர்கள் முதலாவதை இரண்டாவது என்று சொல்லி விற்கிறார்கள். சர்வரிடம் எரிந்து விழுகிறவன் கல்யாணத்துக்குப் பிறகு யாரிடம் எரிந்து விழுவான் என்று பெண்களுக்குத் தெரியும்.

கேள்வி: என் மேனேஜர் என்னைப் பிடித்திருக்கிறது என்கிறார். எனக்கும் பிடிக்கும். ஆனால் என் அப்ரைசல் அவர் கையில். என்ன செய்வது?

அவர் நல்லவராகவே இருக்கட்டும். உங்களால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாத இடத்தில் நீங்கள் சொல்லும் 'சரி'யை நீங்களே நம்ப முடியாது. முதலில் டீமை மாற்றச் சொல்லுங்கள், இல்லை உங்கள் அப்ரைசலை வேறொருவர் பார்க்கட்டும். இதைக் கேட்டதும் அவர் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும். 'ஒத்துக்கொண்டால் ப்ரமோஷன், இல்லாவிட்டால் பார்த்துக்கொள்' என்று சாடைமாடையாக வந்தாலே, வேலையிடத்தில் பெண்களைப் பாதுகாக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி அது பாலியல் துன்புறுத்தல். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் இதற்கென்று உள் புகார்க் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: சண்டை வந்தால் என் கணவர் பத்து நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார். கேட்டால் 'ஊடல்தானே' என்று சிரிக்கிறார்.

ஊடலுக்கு வள்ளுவர் அளவு சொல்லியிருக்கிறார், 1302-ம் குறளில்: உப்பு மாதிரி, கொஞ்சம் நீண்டால் கரிக்கும். ஊடலில் இது முடியப்போகிறது என்று இரண்டு பேருக்குமே தெரியும். உங்கள் வீட்டில் முடிவு தேதி அவருக்கு மட்டும்தான் தெரிகிறது. நீங்கள் மன்னிப்புக் கேட்கும்வரை நீட்டுகிறார் என்றால் அது தண்டனை. பேச்சு நின்ற நாளில் கெஞ்சாதீர்கள். சுமுகமாக இருக்கும் ஒரு நாளில் உட்காரவைத்து, 'கோபம் வந்தால் ஒரு ராத்திரி தள்ளியிருக்கலாம், மறுநாள் பேசிவிட வேண்டும்' என்று முடிவு செய்யுங்கள்.

கேள்வி: சம்பளம் என்னுடையது, ஏடிஎம் கார்டு கணவரிடம். பெட்ரோலுக்கும் கேட்டுத்தான் வாங்குகிறேன். ஆனால் அன்பாகத்தான் இருக்கிறார், அடிப்பதெல்லாம் இல்லை.

அன்பு இருப்பதை நான் மறுக்கவில்லை. கார்டைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். 'இந்தா' என்று கொடுத்துவிட்டால் அது பழக்கதோஷம், சேர்ந்து உட்கார்ந்து வீட்டுச் செலவைப் பிரித்துக்கொள்ளலாம். 'என் மேல் நம்பிக்கை இல்லையா' என்று ஆரம்பித்தாலோ, அம்மா வீட்டுக்குப் போன் போனாலோ விஷயம் வேறு. பணத்தைப் பிடித்துவைத்துக் கட்டுப்படுத்துவதை 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் பொருளாதார வன்முறை என்றே சேர்த்திருக்கிறது, அடி விழுந்திருக்க வேண்டும் என்பதில்லை. பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்தால் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரை எப்படிப் பார்ப்பது என்று சொல்வார்கள். அதற்கு முன், வங்கியில் உங்கள் கணக்குக்கு எந்த மொபைல் நம்பர் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். அவருடையதாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.