ஆர்லோ கத்ரிக்கு ஏன் இவ்வளவு கூட்டம்?

அன்புள்ள ஐயா,

சில வாரங்களாக அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் ஆர்லோ கத்ரியின் பழைய மேடைப் பதிவுகளைக் கேட்டு வருகிறேன். அமெரிக்கத் தரவரிசையில் முதல் நாற்பதுக்குள் வந்த பாட்டு அவருக்கு ஒன்றே ஒன்று. 1972-இல் வந்த ‘சிட்டி ஆஃப் நியூ ஆர்லியன்ஸ்’ என்ற ரயில் பாட்டு. அதுவும் ஸ்டீவ் குட்மன் எழுதியது. அப்புறம் எப்படி அரை நூற்றாண்டு கூட்டம் வந்தது? புகழ்பெற்ற நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரியின் மகன் என்பதாலா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அப்பா பெயர் ஆரம்பத்தில் உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஜனங்கள் திரும்பத் திரும்ப வந்தது அவர் பேச்சுக்காக என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் சொல்லும் ரயில் பாட்டை வில்லி நெல்சனும் பிரமாதமாகப் பாடியிருக்கிறார். ‘ஆலிஸஸ் ரெஸ்டாரன்ட்’ கதையை இன்னொருவர் சொன்னால் எடுபடாது.

1967-இல் வந்த அந்த எல்பி இசைத்தட்டில் ஒரு பக்கம் முழுக்க அது ஒன்றுதான், பதினெட்டரை நிமிடம். பாட்டு என்று பார்த்தால் சின்னதாக ஒரு பல்லவி. மிச்சமெல்லாம் கிடாரை மீட்டிக்கொண்டே சொல்லும் கதை. 1965 தேங்க்ஸ்கிவிங் அன்று, அதாவது அமெரிக்கர்கள் குடும்பமாகக் கூடி விருந்துண்ணும் நன்றித் திருநாளில், ஆர்லோவும் நண்பரும் தோழி ஆலிஸ் வீட்டுக் குப்பையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். குப்பைக் கிடங்கு மூடியிருக்கிறது. ஒரு சரிவில் கொட்டிவிட்டு வந்து மாட்டிக்கொள்கிறார்கள். வழக்குக்குச் சாட்சியாக வட்டமும் அம்புக்குறியும் போட்ட 27 கலர் புகைப்படங்களைப் போலீஸ்காரர் கொண்டுவருகிறார், நீதிபதியோ பார்வையற்றவர். இந்த அற்ப விஷயத்தில் ஆர்லோ அவசரமே படாமல் உலாவுகிறார். வியட்நாம் போர் அதற்கப்புறம்தான் வருகிறது. ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற இடத்தில், கொல்லப் போகிறவனிடம் குப்பை போட்ட குற்றத்திலிருந்து திருந்திவிட்டாயா என்று விசாரிக்கிறார்கள். போர் ஏன் தப்பு என்று அவர் வாதாடுவதில்லை, தேவையும் இல்லை.

இசைத்தட்டு வரும் முன்பே நியூயார்க்கின் டபிள்யூபிஏஐ வானொலி இதன் பதிவை ஒலிபரப்பியது. மறுபடி போடச் சொன்ன நேயர்களிடம் நன்கொடை வசூலித்துக்கொண்டது! இன்றும் பல நிலையங்கள் ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங்குக்கும் இதைப் போடுகின்றன. குடும்பம் கூடியிருக்கிற நாளில் தாத்தாவோடு சேர்ந்து பேரனும் கேட்கிறான். இந்த மாதிரிப் புகழ் தரவரிசையில் எப்படித் தெரியும்?

அவருக்கே ஒரு கட்டத்தில் அலுத்துவிட்டது. பிற்காலத்தில் பத்தாண்டுக்கு ஒருமுறை, நினைவுச் சுற்றுப்பயணங்களில்தான் அதை முறையாகப் பாடினார். இடையிலும் கூட்டம் வரத்தான் செய்தது, ஏனென்றால் வேறு கதைகள் இருந்தன. எனக்குப் பிடித்தது அமெரிக்க அதிபர் நிக்சன் பற்றிய கதை. வெள்ளை மாளிகையில் நிக்சன் வைத்திருந்த இசைத்தட்டுகளில் தன்னுடையதும் ஒன்று என்று கேள்விப்பட்டாராம். நிக்சனின் பதவியைப் பறித்த வாட்டர்கேட் ஊழலில் சிக்கிய வெள்ளை மாளிகை ஒலிநாடாவில் காணாமல் போனதும் பதினெட்டரை நிமிடம்தானே என்று கணக்குப் போட்டுக் காட்டுவார்.

பக்கவாதம் தாக்கிய பிறகு, 2020-இல் சுற்றுப்பயணங்களிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார். 2023-இல் பாஸ்டனில் மேடைக்குத் திரும்பியபோது அது கச்சேரி இல்லை. உட்கார்ந்து பேசும் உரையாடல் நிகழ்ச்சி.