வெளிநாட்டு கோச்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வெளிநாட்டு கோச்சை வைத்துக்கொண்டு எந்த நாடும் கால்பந்து உலகக் கோப்பை ஜெயித்ததில்லை என்கிறார்களே. அப்புறம் எதற்கு இவ்வளவு பணம் கொட்டி வெளியிலிருந்து ஆள் பிடிக்கிறார்கள்?

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். ஆண்கள் உலகக் கோப்பையில் 1930 முதல் 2022 வரை 22 முறையும் ஜெயித்த அணியின் கோச் அந்த நாட்டுக்காரர்தான். இறுதிப் போட்டி வரை வந்த வெளியாட்கள் இரண்டே பேர். 1958இல் ஸ்வீடன் அணியோடு வந்த இங்கிலாந்துக்காரர் ஜார்ஜ் ரேனர், 1978இல் நெதர்லாந்து அணியோடு வந்த ஆஸ்திரியர் எர்ன்ஸ்ட் ஹாப்பெல். ஆனால் இதை வைத்து வெளிநாட்டு கோச் வீண் என்று சொல்லிவிட முடியாது. கோப்பையைத் தூக்கும் பலம் உள்ள பிரேசில், ஜெர்மனி, இத்தாலி, அர்ஜென்டினா மாதிரி நாடுகளில் உள்ளூரிலேயே நல்ல கோச்சுகள் வரிசையில் நின்றார்கள், அவர்களுக்கு வெளியே தேட வேண்டிய தேவை வரவில்லை, அவ்வளவுதான். இப்போது அதுவும் மாறுகிறது. 2025இல் இங்கிலாந்து அணி ஜெர்மனியின் தாமஸ் டூகெல் கைக்கும், பிரேசில் அணி இத்தாலியின் கார்லோ அன்செலோட்டி கைக்கும் போனது.

வெளியாளை நம்பியவர்கள் பெரும்பாலும் அடுத்த கட்டத்துக்கு ஏற நினைத்த நாடுகள். அங்கே அளவுகோலே வேறு. ஜெர்மனியின் ஓட்டோ ரேஹாகல் 2001இல் கிரீஸ் அணிக்குப் போனபோது, பெரிய போட்டித் தொடர்களின் இறுதிச் சுற்றில் கிரீஸ் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. அவருடைய முதல் ஆட்டத்திலேயே பின்லாந்திடம் 5-1 என்று தோற்றார்கள். மூன்று வருடத்தில் அதே கிரீஸ், ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ 2004 கோப்பையைத் தூக்கியது. பெண்கள் கால்பந்தில் நெதர்லாந்தின் சரீனா வீக்மன் சொந்த நாட்டுக்கு 2017இல் யூரோ கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டு, அப்புறம் இங்கிலாந்து போய் 2022இலும் 2025இலும் அதே கோப்பையை ஜெயித்தார். இவரைப் பற்றி நம் பத்திரிகைகளில் இன்னும் நிறைய எழுத வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: மொழி தெரியாது, பழக்கவழக்கம் தெரியாது, வீரர்களின் பெயரைச் சொல்லவே நாக்கு புரளாது. இப்படிப் போய் இறங்கும் ஒருவர் அணியை எப்படி மாற்ற முடியும்?

பதில்: இந்தக் கேள்விக்கு நெதர்லாந்துக்காரர் ஹூஸ் ஹிட்டிங்க் தென்கொரியாவில் செய்ததைத்தான் சொல்வேன். 2001 தொடக்கத்தில் அவர் பொறுப்பேற்றார். அதற்கு முன் ஐந்து உலகக் கோப்பைகளில் ஆடியும் தென்கொரியா ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை, அடுத்த கோப்பையோ சொந்த மண்ணில், ஜப்பானோடு சேர்ந்து நடத்துகிறார்கள். நெருக்கடி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே எல்லோரும் சொன்னது, நம் பையன்களுக்கு உடல்வலுவும் மன உறுதியும் இருக்கிறது, பந்தைக் கையாளும் நுட்பம்தான் குறைவு என்று. ஹிட்டிங்க் சில வாரம் பார்த்துவிட்டு நேர்மாறாகச் சொன்னார். நுட்பம் போதும், 90 நிமிடமும் அதே வேகத்தில் ஓடும் உடல் தகுதிதான் இல்லை என்றார். பல வருடங்களாக ஒரே மாதிரிச் சொல்லிப் பழகிய ஒரு விஷயத்தை மறுத்துச் சொல்ல, அந்த ஊர்ப் பழக்கத்தில் ஊறாத ஒருவரால்தான் முடிந்தது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, வயதுக்குக் கொடுக்கும் மரியாதை. மூத்த வீரரிடம் இளையவர் சத்தமாகப் பேசக்கூடத் தயங்குவார், சாப்பிடும்போதுகூடத் தனித்தனியாகத்தான் உட்காருவார்கள். மைதானத்தில் இது ஆபத்து, ஏனென்றால் பந்து கேட்டுக் கத்த வேண்டிய இடத்தில் மரியாதை பார்த்தால் அந்த நொடி போய்விடும். ஹிட்டிங்க் எல்லோரையும் கலந்து உட்கார வைத்தார், மைதானத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். உள்ளூர் கோச் ஒருவர் இதைச் செய்திருந்தால் அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் 2001இல் பிரான்சிடம் 5-0, செக் குடியரசிடம் மறுபடியும் 5-0 என்று தோற்றபோது, அங்குள்ள பத்திரிகைகள் அவருக்கு ‘ஐந்துக்குப் பூஜ்யம்’ என்றே பட்டப்பெயர் வைத்தன. கொரியச் சங்கம் மட்டும் அவரைக் கைவிடவில்லை. உள்ளூர் லீக் கிளப்புகளும் வீரர்களை நீண்ட முகாம்களுக்கு விட்டுக்கொடுத்தன. அந்தப் பொறுமை இல்லாமல் இந்தக் கதையே இல்லை. 2002இல் போலந்து, போர்ச்சுகல், இத்தாலி, ஸ்பெயின் என்று தாண்டி நான்காம் இடம் வந்தார்கள். இத்தாலி, ஸ்பெயின் ஆட்டங்களில் நடுவர் முடிவுகள் பற்றிய சர்ச்சை இன்றும் ஓயவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் அந்த அணி கடைசி நிமிடம் வரை ஓடிய ஓட்டத்தை நடுவர் கொடுக்கவில்லை.

மொழி? மொழிபெயர்ப்பாளர் போதும், முதல் சில மாதங்களுக்கு. 2013இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் கிளப்புக்கு வந்த அர்ஜென்டினாக்காரர் பொச்செட்டினோ ஆரம்பத்தில் அப்படித்தான் பத்திரிகையாளர்களிடம் பேசினார். அதே நாட்டுக்காரர் மார்செலோ பியெல்சா இங்கிலாந்தின் லீட்ஸ் கிளப்பில் இருந்த காலம் முழுக்க மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டார், இருந்தும் அந்த நகரம் அவரைக் கொண்டாடியது.

கேள்வி: எனக்கு 24 வயது. பெரிய அளவில் ஆடியதில்லை. வெளிநாட்டில் கோச்சாக வேண்டும் என்பது கனவு. வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, சுற்றுவழிதான். முதலில் லைசென்ஸ். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, ப்ரோ என்ற படிகளில் ஒவ்வொன்றாக ஏற வேண்டும். ஐரோப்பாவிலும் இதே மாதிரி படிகள் உண்டு, ஆனால் ஆசிய லைசென்ஸை அங்கே நேரடியாகச் சமமாக ஏற்றுக்கொள்வதில்லை, இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு திட்டமிடுங்கள். இங்கிலாந்து மாதிரி நாடுகளில் வேலை அனுமதிக்கே அந்த ஊர்க் கால்பந்துச் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும்.

அடுத்தது, ஒரு நல்ல கோச்சின் பக்கத்தில் எப்படியாவது இடம் பிடிப்பது. பிறகு பெரிய கோச்சாக ஆன ஜோசே மொரீன்யோ 1992இல் லிஸ்பனில் இங்கிலாந்துக்காரரான கோச் பாபி ராப்சனுக்கு மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தவர், அவரோடு போர்ட்டோ போனார், பார்சிலோனா போனார், சொல்வதை மொழிபெயர்த்துக்கொண்டே தொழிலைக் கற்றார். ஹெர்வே ரெனார் பிரான்சில் துப்புரவு நிறுவனம் நடத்திக்கொண்டு, மாலையில் சின்ன கிளப்புக்குப் பயிற்சி கொடுத்தவர். பிரெஞ்சு கோச் கிளாட் லெ ரோய் அவரைத் துணைக்குச் சேர்த்துச் சீனா, கானா என்று கூட்டிப் போனார். பிறகு ரெனார் தனியாக ஜாம்பியாவோடு 2012இலும் ஐவரி கோஸ்டோடு 2015இலும் ஆப்பிரிக்கக் கோப்பையை ஜெயித்தார். இங்கிலாந்துக்காரர் கிரகாம் பாட்டர் 2011இல் ஸ்வீடனின் நான்காம் நிலை லீகில் இருந்த ஓஸ்டர்சுண்ட் கிளப்புக்குப் போய், 2017இல் ஸ்வீடன் கோப்பையை வாங்கி, 2018இல் லண்டனிலேயே ஆர்சனல் கிளப்பைத் தோற்கடித்தார் (இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டிப் பார்த்ததில், முதல் ஆட்டத் தோல்வியால் வெளியேறினாலும்). நம் கண்டத்திலேயே பாருங்கள், 2002இல் ஹிட்டிங்குக்குத் துணையாக இருந்த பார்க் ஹாங்-சியோ 2017இல் வியட்நாம் போய் அந்த நாட்டின் கால்பந்தையே தூக்கி நிறுத்தினார். ஆகவே பெரிய லீகையே பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். கூப்பிடுகிற சின்ன ஊருக்குப் போங்கள், அந்த ஊர் மொழியைப் படியுங்கள்.

கேள்வி: திடீரென்று வேலையை விட்டுத் தூக்கிவிட்டால் அந்நிய ஊரில் என்ன செய்வது?

பதில்: தூக்குவார்கள், அதைத் தெரிந்தே போக வேண்டும். போஸ்னியாவில் பிறந்த வாஹித் ஹலில்ஹோஜிச் கதையைக் கேட்டால் மனசு கனத்துவிடும். ஐவரி கோஸ்ட், அல்ஜீரியா, ஜப்பான், மொராக்கோ என்று நான்கு நாடுகளை உலகக் கோப்பைக்குத் தகுதி பெற வைத்தவர். 2010, 2018, 2022 மூன்று முறையும் போட்டி தொடங்கும் முன்பே பதவி போனது. விட்டு வைத்தது அல்ஜீரியா மட்டும்தான். 2014இல் அந்த அணி கடைசி 16 வரை வந்து, ஜெர்மனியிடம் கூடுதல் நேரத்தில்தான் தோற்றது. கோப்பையை ஜெயித்தாலும் உத்தரவாதம் இல்லை. 2025 மே மாதம் லண்டன் கிளப்பான டாட்டன்ஹாமுக்கு, ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோப்பா லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்த ஆஸ்திரேலியர் போஸ்டெகோக்ளூவை ஜூன் முதல் வாரத்திலேயே அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே ஒப்பந்தத்தில்தான் உங்கள் பாதுகாப்பு. 2021 முதல் ஃபிஃபா விதிகளில் கோச்சுகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. விசா கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும், குறிப்பிட்ட லைசென்ஸ் இருந்தால்தான் செல்லும் என்றெல்லாம் நிபந்தனை போடக் கூடாது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் அவகாசம் தந்து, அப்போதும் தரவில்லை என்றால் நியாயமான காரணத்தோடு விலகலாம், ஃபிஃபா தீர்ப்பாயத்துக்கும் போகலாம். அதனால் வாய்வார்த்தையை நம்பவே வேண்டாம். வீடு, குழந்தைகளின் பள்ளிக் கட்டணம், ஊர் திரும்பும் டிக்கெட், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: வெளியாட்களுக்கே வாய்ப்புக் கொடுத்தால் உள்ளூர் கோச்சுகள் எப்போது வளர்வார்கள்?

பதில்: எனக்கும் இந்தக் கவலை உண்டு. ஆப்பிரிக்க நாடுகள் பல காலம் ஐரோப்பியர்களையே மாற்றி மாற்றிக் கூப்பிட்டன. 2022 உலகக் கோப்பையில்தான் முதல்முறையாக ஐந்து ஆப்பிரிக்க அணிகளுக்கும் அந்தந்த நாட்டு கோச். அந்த வருடமே மொராக்கோ, வாலித் ரெக்ராகுயி தலைமையில், அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க நாடானது. ஹலில்ஹோஜிச்சை அனுப்பிவிட்டு அவர் இடத்தில் வைத்ததும் இவரைத்தான். 2024 ஆப்பிரிக்கக் கோப்பையில் ஐவரி கோஸ்ட் தொடரின் நடுவிலேயே பிரெஞ்சு கோச்சை இழந்து, துணை கோச்சாக இருந்த எமெர்ஸ் ஃபேயிடம் பொறுப்பைக் கொடுத்து, கோப்பையையும் ஜெயித்தது. சங்கங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வெளிநாட்டவரை எடுக்கும்போது உள்ளூர் ஆட்கள் இரண்டு மூன்று பேரைத் துணை கோச்சாக வைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், அவர்களை வெறுமனே பக்கத்தில் நிற்க வைக்காமல் பயிற்சியையும் நடத்த விடுங்கள். அவர் கிளம்பும் நாளில் பொறுப்பெடுக்க ஒருவர் தயாராக இருப்பார்.