நிரந்தர உறைமண்ணில் உள்ள வாயு ஹைட்ரேட்டுக்கு மீத்தேன் எங்கிருந்து வருகிறது?

வாயு ஹைட்ரேட் பார்க்கப் பனிக்கட்டி மாதிரிதான். நீர் மூலக்கூறுகள் கூண்டு கட்டி மீத்தேனை உள்ளே அடைத்திருக்கும். ஒரு கனமீட்டர் கட்டி உருகினால் சுமார் 160 கனமீட்டர் வாயு வரும்.

அந்த மீத்தேனில் ஒரு பங்கு நுண்ணுயிர்கள் தந்தது. தண்ணீர் கட்டிய தாளடி வயலில் கால் வைத்ததும் சேற்றிலிருந்து குமிழ் கிளம்புமே, அதே வேலைதான்: காற்றுப் புகாத சேற்றில் மட்கும் தழை மீத்தேனாகிறது. நம்மூரில் அது மேலே போய்விடும். சைபீரியா, வட கனடாவில் ஆண்டுக்கணக்கில் உறைந்தே கிடக்கும் மண் அதைத் தடுக்கிறது. குளிரும் அழுத்தமும் போதுமான ஆழத்தில் வாயு நீரோடு சேர்ந்து கட்டியாகிறது. (பூமியின் ஆழத்தில் வெப்பத்தால் உருவாகி ஏறிவரும் வாயுவும் உண்டு. நுண்ணுயிர் வாயுவில் கார்பன்-13 என்ற சற்றுக் கனமான கார்பன் வகை குறைவு என்பதால் பிரித்தறியலாம்.)

மன்னார்குடி மீத்தேன் திட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே பேசப்பட்டது நிலக்கரிப் படுகை மீத்தேன், ஹைட்ரேட் அல்ல.