மினசோட்டாக் குளிரும் அதில் குடியிருப்பதும்

அன்புள்ள தம்பி,

வரும் நவம்பரில் மனைவியோடும் நான்கு வயது மகளோடும் கோவையிலிருந்து அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள மினியாபொலிஸுக்கு வரவிருப்பதாகவும், இந்த ஊர்க் குளிரைச் சொல்லிக் கேட்டவர்களெல்லாம் பயமுறுத்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஓராண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு வெப்பமான டெக்சாஸ் மாநிலப் பக்கம் மாறிவிடலாமா, அல்லது இதுவும் பிடித்துப்போகுமா என்று கேட்கிறீர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே குடியிருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: எனக்குப் பிடித்துப்போனது, ஆனால் அதற்குச் சில குளிர்காலங்கள் ஆயின.

குளிரைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 1996 பிப்ரவரி 2 அன்று மாநிலத்தின் வடக்கே டவர் என்ற ஊருக்கு அருகில் மைனஸ் 60 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 51 செல்சியஸ் பதிவானது. மினியாபொலிஸ் அந்த அளவுக்குப் போகாது என்றாலும், 2019 ஜனவரி இறுதியில் இங்கும் மைனஸ் 28 ஃபாரன்ஹீட் வரை இறங்கி, தபால் பட்டுவாடாவையே ஒரு நாள் நிறுத்தினார்கள். அத்தகைய காலையில் வாசலைத் தாண்டிய முதல் மூச்சிலேயே மூக்கினுள் உள்ள மயிர் விறைப்பது தெரியும். காலடியில் பனி, சோளமாவை விரலிடையே நசுக்கினாற்போல் கிறீச்சிடும். வானம் மட்டும் பளீரென்று நீலமாக இருக்கும். மேகம் மூடாத இரவில் தரையின் சூடு தடையின்றி மேலே போய்விடுவதால்தான் அவ்வளவு குளிர்கிறது என்பதால், மிகக் கடுமையான நாள்கள் பெரும்பாலும் நல்ல வெயில் நாள்களாகவே அமைகின்றன. கோவைக்காரருக்கு இது முதலில் நம்ப முடியாததாக இருக்கும்.

உண்மையில் மனத்தைச் சோதிப்பது குளிரின் கடுமையைவிட அதன் நீளம். டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். மார்ச்சில் முடிந்துவிட்டது என்று பனி அள்ளும் ஷவலை உள்ளே எடுத்து வைத்தால் ஏப்ரலில் மறுபடியும் கொட்டும். 2018இல் சரியாகத் தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி ஓர் அடிக்கும் மேல் பனி விழுந்தது. மாங்காய்ப் பச்சடி செய்துவிட்டு, அதை யார் வீட்டுக்கும் கொண்டுபோக வழியில்லாமல் ஜன்னலோரம் நின்றிருந்தோம்.

பிடிப்பு வந்தது வெளியே இறங்கத் தொடங்கிய பிறகுதான். முதல் இரண்டு குளிர்காலங்களை வீட்டிற்குள்ளேயே கழித்த காலத்தில் இந்த மாநிலத்தை நான் வெறுத்தேன். இங்குள்ளவர்கள் அப்படி இருப்பதில்லை. 1885இல் நியூயார்க்கிலிருந்து வந்த ஒரு பத்திரிகை நிருபர் பக்கத்து நகரான செயின்ட் பாலை மனிதர் வாழத் தகாத இன்னொரு சைபீரியா என்று எழுதியதாகவும், அதற்குப் பதிலடியாகவே நகரத்தார் 1886இல் பனிக்கட்டியால் அரண்மனை கட்டிக் குளிர்காலத் திருவிழா எடுத்ததாகவும் சொல்வார்கள். அந்தத் திருவிழா இன்றும் ஜனவரி இறுதியில் நடக்கிறது. பொங்கல் சமயத்தில் ஏரிகளின்மேல் சிறு குடிசைகள் முளைத்துவிடும். உள்ளே ஹீட்டர் வைத்து, பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிப்பார்கள். நடப்பதற்கே 4 அங்குலத் தெளிந்த பனிக்கட்டியாவது வேண்டும் என்பது இயற்கை வளத் துறையின் அறிவுரை. ஆகவே பழகியவர்கள் துணையில்லாமல் ஏரியில் கால் வைக்காதீர்கள்.

அக்கம்பக்கத்தாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் எழுந்திருக்கும் முன்பே உங்கள் வாசல் பனியை அள்ளிவிட்டிருப்பார்கள். நன்றி சொன்னால் கூச்சப்படுவார்கள். ஆனால் அதே மனிதர் உங்களைச் சாப்பிட அழைக்க ஐந்து வருடம் ஆகலாம். இதைக் கர்வம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் வழக்கப்படி நீங்களே முதலில் ஒரு தட்டுப் பலகாரத்தோடு போய்க் கதவைத் தட்டுங்கள்; அது இங்கே நன்றாகவே செல்லுபடியாகிறது.

வீட்டு வேலையும் மாறும். தோசை மாவைச் சூடேற்றாத ஓவனுக்குள் (கேக் சுடும் மூடிய அடுப்பு) அதன் விளக்கை மட்டும் போட்டு இரவு முழுக்க வைத்தால்தான் பொங்கும். கறிவேப்பிலைத் தொட்டியைச் செப்டம்பர் கடைசியில் உள்ளே எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் போய்விடும். மேப்பிள் குரோவில் உள்ள இந்துக் கோயிலுக்கு எந்தக் காலத்திலும் கூட்டம் வரும்.

கோடையை நான் வர்ணிக்கத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன். பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டும் 11,842 என்பது அரசுக் கணக்கு. ஜூனில் இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கொசுவும் இருக்கும், அதுவும் நம் ஊர்க் கொசுவை வெட்கப்படுத்தும் அளவுக்கு. ஐடாஸ்கா ஏரியில் மிசிசிப்பி ஆறு புறப்படும் இடத்தில், முழங்காலளவு தண்ணீரில் கற்களைப் பிடித்துக்கொண்டு உங்கள் மகளே அந்த மகாநதியைக் கடந்துவிடுவாள்.

டெக்சாஸ் பற்றிக் கேட்டதற்கு: டாலஸில் இருக்கும் என் உறவினர்கள் ஜூலை, ஆகஸ்டில் ஏசிக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார்கள், வீட்டுக்குள் இருக்கும் மாதங்கள்தான் மாறுகின்றன. எதுவானாலும் முடிவைப் பிப்ரவரியில் எடுக்காதீர்கள். அந்த மாதத்தில் நானும் வேறு ஊர் வீடுகளின் விலையைப் பார்ப்பதுண்டு. ஜூலை வரை இருந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கோவையில் கம்பளிச் சுவெட்டர்களை மூட்டை கட்டி வர வேண்டாம், எடைதான் வீண். பூட்ஸ், பார்க்கா என்னும் தலைமூடியோடு கூடிய தடித்த கோட்டு, பாப்பாவுக்கு ஸ்னோ பேன்ட் எல்லாம் இங்கே வந்ததும் வாங்கலாம். விரல் பிரிந்த கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாகச் சேரும் மிட்டன்தான் சூடு. கார் எடுத்ததும் பேட்டரியைச் சோதித்துவிடுங்கள், டேங்கைப் பாதிக்குக் குறைய விடாதீர்கள். தெருப் பனியை அள்ளுவதற்காக நகராட்சி பனி அவசரநிலை அறிவித்தால் அன்றிரவு எந்தத் தெருவில், மறுநாள் எந்தப் பக்கம் வண்டி நிறுத்தக் கூடாது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்காவிட்டால் வண்டியை இழுத்துப் போய்விடுவார்கள், மீட்கப் பணம் கட்ட வேண்டும்.