துணுக்குத் தகவல் சொன்னால் எல்லோரும் ‘மொக்கை’ என்கிறார்கள். நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். ஆனால் உங்கள் நண்பர்கள் மேல் மட்டும் பழி போட முடியாது.

நீங்கள் ஏதோ மேன்ஷனில் தங்கி வேலைக்குப் போகிற பையன் என்று நினைத்துக்கொள்கிறேன். ராத்திரி மெஸ்ஸில் உட்கார்ந்து, “உனக்கு ஒண்ணு தெரியுமா?” என்று ஆரம்பித்ததுமே எதிரில் இருப்பவன் போனை எடுத்துவிடுவான். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்பது நிஜம்தான். ஆனால் இட்லி சாப்பிடுகிறவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அவன் பாட்டுக்குச் சட்னி கேட்பான்.

நான் குன்னூரில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறேன். இந்த வியாதி எனக்கும் உண்டு. வண்டி ஓட்டும்போது பேசலாமா என்று உடனே பாடம் எடுக்க வருவார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன்: கொண்டை ஊசி வளைவில் நான் வாயே திறப்பதில்லை. டிராஃபிக்கில் நிற்கும்போதுதான் பேச்சு. சீசனில் ஊட்டிக்கு வந்தவர்களுக்குத் தெரியும், ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம்.

போன வருஷம் திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. முன் சீட்டில் பெரியவர். பர்லியாறு வருவதற்குள்ளேயே, “தம்பி, கதையெல்லாம் வேண்டாமுங்க, ரோட்டப் பாத்து ஓட்டுங்க” என்று சொல்லிவிட்டார். சரி என்று இருந்துவிட்டேன். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் மலை ரயிலை இன்ஜின் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது என்ற அருமையான சங்கதியைக்கூட விழுங்கிவிட்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குப் புரியும்.

மறுநாள் ஊட்டி பக்கம் இருக்கிற அவலாஞ்சிக்குப் போனோம். முத்தோரை பாலாடா பக்கம் கேரட் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்த பேரன், “அண்ணா, அந்த மலைச் சரிவுல வேலி மாதிரி நீளமா ஒண்ணு இருக்கே, அது என்ன?” என்றான். கேட்டது அவன். நானாக ஆரம்பிக்கவில்லை.

அது ரேடியோ தொலைநோக்கி. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நம் ஆட்களே வடிவமைத்து 1970-ல் கட்டி முடித்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கண்ணாடியே கிடையாது. 1,100 மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளை நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலை அதில்தான் பட்டுத் திரும்புகிறது. இதுவரை சொன்னபோது பெரியவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து சரிவு விஷயத்துக்கு வந்தேன். அந்த மலை வடக்கு தெற்காகச் சுமார் 11 டிகிரி சரிந்திருக்கிறது. ஊட்டியின் அட்சரேகையும் 11 டிகிரிதான். அப்படி ஒரு சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் கட்டியதால், தொலைநோக்கியின் நீள அச்சு பூமி சுற்றுகிற அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. பூமி ஒரு பக்கம் சுற்றச் சுற்ற இதை மறுபக்கம் மெதுவாக உருட்டினால் போதும். வானத்தில் ஒரே இடத்தைச் சுமார் ஒன்பதரை மணி நேரம் விடாமல் பார்க்கலாம்.

பெரியவர் திரும்பிவிட்டார். “அப்ப ஒரே அச்சுலதான் சுத்துதுங்களா? மேல கீழ தூக்கறதுக்குத் தனி மோட்டார் இல்லீங்களா?”

“இல்லீங்கய்யா. வடக்கு தெற்கா பார்வையைத் திருப்பறது எலக்ட்ரானிக்ஸ்லயே முடிஞ்சுரும்.”

அவர் காலமெல்லாம் பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் பார்த்தவராம். அப்புறம் அவலாஞ்சி வரைக்கும் என்னைப் பேசவே விடவில்லை. அத்தனை நீளக் கம்பி தொய்யாதா, குளிரில் சுருங்காதா என்று கேள்வி மேல் கேள்வி. பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார். பனியனுக்குப் பக்கவாட்டில் தையல் இல்லாதது ஏன் என்றும் சொல்லித் தந்தார். வட்ட மெஷினில் துணி குழாயாகவே பின்னி வருகிறதாம். இத்தனை வருஷம் போட்டுக்கொண்டு திரிகிறேன், ஒரு நாளாவது யோசித்திருப்பேனா?

அதனால் கேட்பவருக்கு என்ன வேலை என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற சரக்கை எடுங்கள். நான் பத்தாவது படித்தவன், தொலைநோக்கி பற்றி நான் சொன்னது மேலோட்டமாக இருக்கிறது என்று படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். மேலோட்டமாகச் சொன்னதில்தான் அந்தப் பெரியவர் இறங்கினார்.

அதே பெரியவர் டிசம்பரில் கொடைக்கானலுக்கு என்னையே கேட்டு வாங்கிப் போனார். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் அங்கே தங்கின விடுதியில் விருந்தினர் கொண்டுவந்த நாய்க்கு மெத்தை உண்டு, டிரைவருக்குப் பாய் கிடையாது. டாய்லெட்டுக்குக்கூட செக்யூரிட்டியிடம் கெஞ்ச வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் அறை போடும்போது டிரைவருக்கு இடம் உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று எவர்ஷெட் என்ற வானியலாளர் 1909-ல் கண்டுபிடித்தது அந்த ஊர் சூரிய ஆய்வகத்தில்தான். ராத்திரி முழுக்கக் காரில் நடுங்கிக் கிடந்தவன் காலையில் சூரியனைப் பற்றி என்ன சுவாரசியமாகச் சொல்லிவிட முடியும்?

சரி, உங்கள் மெஸ்ஸில் கேரம், பில்லியர்ட்ஸ் ஆடுகிற ஆள் யாராவது இருந்தால் இதைச் சொல்லிப் பாருங்கள். ஸ்னூக்கர் ஆட்டம் 1875-ல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் உருவாக்கியது, அதற்கு விதிகள் எழுதி வைத்தது 1882-ல் ஊட்டி கிளப்பில். இங்கிலாந்துப் பிரதமர் சேம்பர்லினா என்று எவனாவது மடக்குவான். அவர் வேறு ஆள், 1875-ல் அவருக்கு ஆறு வயது.